வெங்காயம் உருளும், கோரை உருளாது

— அந்தக் கேனைக் கேட்டுக்கு வெளியவே வைடா தம்பி. அதோட என் தோட்டத்துக்குள்ள கால வச்சே, நடக்குறதே வேற.

— அட என்னக்கா நீ, பாம்பைப் புடிச்சுட்டு வந்த மாதிரி பயப்படுற! வெறும் புல்லு மருந்து. சிம்பிளா சொல்றேன் கேளு. ஒரு மூடி மருந்து, ஒரு கேன் தண்ணி, ஒரே அடி. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாரு, ஒரு புல்லு இருக்காது.

— ஒரு வெங்காயமும் இருக்காது.

— வெங்காயத்து மேல படாமப் பார்த்து அடிப்பேன்ல?

— நீ பார்த்து அடிப்ப. காத்து பார்த்தா அடிக்கும்? உரக்கடை வச்சிருக்கேங்கிறதுக்காக அக்கா வீட்டுல வந்து கடை விரிக்காத.

— கடை விரிக்கிறேனா! ஓசில குடுக்கிறேன்க்கா, ஓசில! மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. இந்த வீட்டுக்கு டிரைவர் நீங்கதானே?

— ஸ்கூல் வேனுக்குத்தான் மாப்ள டிரைவர். இந்த வீட்டுக்கு டிரைவர் உங்க அக்கா. நான் பின்சீட்டுல உக்கார்ந்து வர்ற ஆளு.

— ஆமா ஆமா, நல்லா உக்கார்ந்து வந்தீங்க. ஏன் டிரைவரே, தோட்டம் இந்த லட்சணத்துல கிடக்குதே, ஒரு நாளாவது குனிஞ்சு ஒரு புல்லைப் பிடுங்கினீங்களா? நான் தையல் மெஷின்ல இருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறதுக்குள்ள கோரை வந்து பாத்தியில பாய் விரிச்சுப் படுத்துடுச்சு.

— ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் டெய்லரம்மா கிடைக்குது. அன்னிக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நிக்கலாம்னு பார்க்கிறேன்.

— நிமிர்ந்து நிக்கிறதா? வாரம் பூரா உக்கார்ந்து ஓட்டுறவர் பேசுற பேச்சா இது? சரி போகட்டும். உங்களுக்காகத்தான் நேத்து இதை வாங்கிட்டு வந்தேன். எப்படி இருக்கு?

— என்ன இது, கொக்கு மாதிரி நீளமா?

— நீளக்கம்புக் களைக்கொத்து. குனியவே வேண்டாமாம். நின்ன வாக்குல இழுத்தாப் போதுமாம். கடைக்காரர் செஞ்சே காட்டினார்.

— கடையில சிமெண்ட் தரைதானேக்கா இருந்திருக்கும்? சிமெண்ட் தரைல நானும்தான் செஞ்சு காட்டுவேன்.

— நீ வாயை மூடு. இந்தாங்க, புடிச்சுப் பாருங்க. இடுப்பு வலிக்குது, இடுப்பு வலிக்குதுன்னு ராத்திரி பூரா புரண்டு படுக்குறீங்களேன்னு வாங்கினேன்.

— குடு பாப்போம். ம்... வாய் மழுங்கலா இருக்கு. அரம் போட்டுத் தேய்க்கணும். தகடு நிக்கிற வாட்டமும் சரியில்ல. ரொம்பப் படுத்துக்கிடக்கு. இழுத்தா மண்ணைச் சீவாது, மேலயே வழுக்கிட்டுப் போயிடும். இதை ஒரு தட்டு தட்டி இன்னும் கொஞ்சம் உள்ள மடக்கணும்.

— அடேயப்பா! இது எப்ப இருந்து?

— இரும்பு வேலைதானே. வண்டியோட மாரடிச்சவனுக்கு இது தெரியாதா?

— மாமா சொல்றது சரிதான்க்கா. ஆனா ஒண்ணு, எந்தக் கொத்து வந்தாலும் கோரைகிட்ட வேலைக்கு ஆகாது. அதுக்கு மருந்து ஒண்ணுதான். இல்லன்னா அட்டைப்பெட்டியைப் பிரிச்சு மேல போட்டு மூடிடு. வெளிச்சம் படாமச் செத்துடும்.

— அட்டையைப் போட்டா வெங்காயம் மட்டும் மூச்சு விடுமா?

— அப்ப வெந்நி ஊத்து.

— நான் வெங்காயம் வளர்க்கிறேனா, சமைக்கிறேனா?

— பொறு பொறு, ரெண்டு பேரும் ஹாரன் அடிக்காதீங்க. கோரைக்கு அடியில கிழங்கு இருக்கு மாப்ள. மேல வெட்டினா அது பாட்டுக்குக் கீழ சிரிச்சுக்கிட்டுக் கிடக்கும். ஒண்ணை வெட்டினா பத்து நாள்ல மூணா எந்திரிச்சு வரும். பக்கத்துல ஒரு விரல் ஆழம் இறக்கி, லேசா நெம்பி, கிழங்கு அறாம எடுக்கணும். அதுவும் முந்தின நாள் தண்ணி விட்ட மண்ணுல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. அவசரப்பட்டா அந்து போயிடும்.

— இதே பல்லவிதான் மாமா ஆஸ்பத்திரித் தோட்டத்துலயும். பெரிய ஆஸ்பத்திரி, புல்வெளி மட்டும் இந்தத் தெரு நீளத்துக்கு இருக்கு. ஒரே அடியில பெரிய ஆர்டர் புடிச்சிரலாம்னு நானும் போய்ப் போய்ப் பார்க்கிறேன். மருந்தே வேண்டாம்ங்கிறாங்க. இந்தக் காலத்துல ஆளுங்களை வரிசையா உக்கார வச்சுக் கையால எடுக்கிறாங்க! தலைல துண்டைப் போட்டுக்கிட்டுப் பத்துப் பேரு, குனிஞ்ச தலை நிமிராம.

— அங்க மருந்து அடிக்க மாட்டாங்க மாப்ள. மூச்சுத் திணறல்காரங்க வந்து காத்து வாங்குற எடம். சாயங்காலம் ஆனா நோயாளிங்களை அந்தப் புல்லுல வெறுங்கால்ல நடக்க விடுவாங்க.

— உங்களுக்கு எப்படி மாமா இவ்வளவு தெரியும்?

— போற வர்ற வழிதானே.

— உங்க மாமாவுக்கு இப்பல்லாம் எல்லாமே தெரியுதுடா தம்பி. எனக்குத்தான் ஒண்ணும் புரிய மாட்டேங்குது. நீயே சொல்லு. உக்கார்ந்து ஓட்டுற மனுஷனுக்குப் பேண்ட் எந்த எடத்துல தேயணும்?

— உக்கார்ற எடத்துல.

— இவருக்கு முட்டி தேயுது. நாலு பேண்ட்டுக்கும் முட்டில ஒட்டுப் போட்டாச்சு. பின்னாடி பார்த்தா புதுத் துணி மாதிரி மடிப்புக் கலையாம இருக்கு. இருபது வருஷமா ஊருக்கே துணி தைக்கிறேன், இப்படி ஒரு டிரைவரை நான் பார்த்ததில்ல.

— ஹா ஹா! மாமா, வேனை முட்டி போட்டு ஓட்டுறீங்களா?

— அடிக்கடி டயர் பஞ்சராகுது மாப்ள. முட்டி போடாம எப்படிக் கழட்டுறது?

— பின்கழுத்தைப் பாருடா. கரி பூசின மாதிரி. தலைக்கு மேல கூரை இருக்குற வண்டிக்குள்ள உக்கார்ந்திருக்கிறவருக்குப் பின்கழுத்து எப்படிக் கறுக்கும்?

— டெய்லரம்மா, களை எடுக்கலாம்னு கூப்பிட்டியா, இல்ல எனக்கு அளவெடுக்கலாம்னு கூப்பிட்டியா?

— சரி சரி, கோவிச்சுக்காதீங்க. நான் என்ன, அக்கறையிலதானே கேட்டேன்.

— கோவமெல்லாம் இல்ல. மாப்ள, இங்க வா. கோரையைக் கிழங்கோட எப்படித் தூக்குறதுன்னு காட்டுறேன். இதைப் பாரு, இப்படி ஓரமா இறக்கி...

— இருங்க, இருங்க. கையில என்ன அது?

— எது?

— அந்தக் கரண்டி! பின்பாக்கெட்டுல இருந்து எடுத்தீங்களே! ஐயோ, என் தட்டைக் கரண்டி! காம்பை எதுக்கு இப்படி வளைச்சு வச்சிருக்கீங்க? சைக்கிள் டியூபை வேற சுத்தி வச்சிருக்கு!

— அது... வண்டிச் சக்கரத்துல சேறு சுரண்டலாம்னு எடுத்துட்டுப் போனேன். வழுக்குதேன்னு டியூப் சுத்தினேன்.

— அஞ்சு மாசமாத் தேடுறேன் இதை! அடுப்புக்கு அடியில தேடினேன், அலமாரிக்குப் பின்னாடி தேடினேன். கடைசில இவன் பொண்டாட்டிதான் எடுத்துட்டுப் போயிருப்பாளோன்னு கூட நெனச்சுட்டேன்.

— அக்கா! அவ காதுல இது விழுந்துச்சு, நான் செத்தேன்!

— விழாது விழாது. நீ போய்ச் சொல்லாத.

— புதுக்கரண்டி ஒண்ணு வாங்கித் தர்றேன், விடு. பாரு மாப்ள, வந்துடுச்சு. கிழங்கு ரெண்டும் அப்படியே இருக்கு, அறலை.

— அட ஆமா! கையில புடிச்சதும் வந்துடுச்சே!

— போதும் போதும், வித்தை காட்டினது. ஒவ்வொண்ணா இப்படிக் கொஞ்சிக் கொஞ்சி எடுத்தா அடுத்த வருஷம்தான் முடியும். நான் ஒண்ணு சொல்றேன். மூணு பாத்தி, மூணு பேரு. தம்பி, உனக்கு அந்தக் குட்டைக் கொத்து, கேட் ஓரப் பாத்தி. எனக்குக் கை, நடுப்பாத்தி. டிரைவருக்கு நீளக்கம்பு, சுவர் ஓரப் பாத்தி. யார் முதல்ல முடிக்கிறாங்களோ அவங்க சொல்ற வழிதான் இனி இந்தத் தோட்டத்துக்கு.

— எனக்குக் கையே போதும்மா. கம்பு உனக்கு.

— ஏன்?

— எட்ட நின்னு எடுத்தா எனக்குச் சரிப்படாது. பழக்கமில்ல.

— பக்கத்துல உக்கார்ந்து எடுத்து மட்டும் ரொம்பப் பழக்கமோ? உங்க இடுப்புக்காகத் தேடித் தேடி வாங்கினேங்க. எனக்காக ஒரே ஒரு தடவை இழுத்துப் பாருங்க. புடிக்கலைன்னா நாளைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடுறேன்.

— சரி, குடு.

— மாமா, உங்க பாத்தி ரொம்பச் சுலபம். வெங்காயம் வரிசையா நிக்குது, நடுவுல நடுவுல கோரை. ஒரே இழுப்பா இழுங்க.

— ம். இழுக்கிறேன்.

— ஆங், மறந்தே போயிட்டேன். அடுத்த மாசத்துல இருந்து எங்க பாப்பாவை உங்க வேன்லதான் ஏத்தப்போறேன் மாமா. ஸ்கூல்ல சேர்த்தாச்சு. அத்தை வீட்டு வண்டி இருக்க ஆட்டோ எதுக்குன்னு அவளும் ஒத்தக்கால்ல நிக்கிறா.

— எடமில்ல மாப்ள.

— பதினேழு புள்ளைங்கதான்னு அக்கா சொன்னாளே?

— பதினேழோட நிறுத்திட்டாங்க.

— சின்னப் புள்ளதானே, உங்க பக்கத்துல முன்னாடி உக்காந்துக்குவா.

— வேண்டாம்னு சொல்றேன்ல. முன்னாடி உக்கார வைக்கக் கூடாது. ஆட்டோவே நல்லது. மெதுவாப் போவான்.

— என்னங்க நீங்க, மூஞ்சில அடிச்ச மாதிரிப் பேசுறீங்க? நம்ம வீட்டுப் புள்ளைதாங்க அது.

— நம்ம வீட்டுப் புள்ளைங்கிறதாலதான் சொல்றேன்.

— விடுக்கா, மாமாவுக்கு ஸ்கூல்ல ஏதாவது ரூல்ஸ் இருக்கும். எனக்கு முக்கால்வாசி முடிஞ்சுது. ஒரே அடி!

— முக்கால்வாசி முடிக்கல, முக்கால்வாசி வெட்டிப் போட்டிருக்க. எல்லாக் கிழங்கும் மண்ணுக்குள்ளதான் இருக்கு.

— மேல பார்க்கச் சுத்தமா இருக்குல்ல? அது போதும்.

— உன் கடை மாதிரியே இருக்கு உன் வேலையும். எனக்கு இன்னும் ஒரு வரிசை இருக்கு. டிரைவரே, எங்க இருக்கீங்க?

— முடிச்சுட்டேன்.

— அதுக்குள்ளயா! பார்த்தீங்களா, நீளக்கம்புக்கு எவ்வளவு பேச்சுப் பேசினீங்க! தம்பி, எந்திரிச்சுப் பாரு, மாமா ஜெயிச்சுட்டார்.

— இருக்கா, நான் செக் பண்றேன். எங்க... மாமா? மாமா! ஐயையோ! அக்கா, ஓடி வா! வெங்காயத்தை எல்லாம் வழிச்சு எறிஞ்சுட்டுக் கோரையை வரிசையா நிக்க வச்சிருக்காரு!

— என்னடா உளர்ற?

— நீயே வந்து பாரு! பாத்தி சுத்தமா இருக்கு, வரப்பு கூட நேரா இருக்கு. கோரைக்கு ராஜ மரியாதை! வெங்காயம் பூராக் குப்பையில! மாமா, உங்களுக்குக் கோரைக் குழம்புதான் புடிக்கும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் கேனையே தூக்கிட்டு வந்திருக்க மாட்டேன்ல!

— அட என் டிரைவரே! ஏங்க இப்படி? ஹா ஹா... ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா... ஒண்ணு விடாம...

— பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தீங்கள்ல. கவனம் சிதறிடுச்சு.

— கவனம் சிதறினா ரெண்டு வெங்காயம் போகும் மாமா. முப்பது வெங்காயமா போகும்? வேன்ல ஏத்தும்போதாவது புள்ளைங்களைச் சரியாப் பார்த்து ஏத்துறீங்களா, இல்ல வேற ஸ்கூல் புள்ளைங்களை...

— சும்மா இருடா.

— இல்லக்கா, தமாஷுக்கு...

— சும்மா இருன்னு சொல்றேன்ல. போ, போய் வெங்காய நாத்து ரெண்டு கட்டு வாங்கிட்டு வா.

— இப்பவா? ஞாயித்துக்கிழமை நாத்துக்கடை தொறந்திருக்குமோ என்னவோ.

— தொறந்திருக்கான்னு பார்த்துட்டு வா. இல்லன்னா உன் கடையைத் தொறந்து எடு. போடா. கேனையும் எடுத்துட்டுப் போ.

— சரி சரி, போறேன். மாமா, நான் தமாஷுக்குத்தான் சொன்னேன். மனசுல வச்சுக்காதீங்க.

— போயிட்டு வா மாப்ள. எனக்கென்ன கோவம்.

— ...கேட்டைச் சாத்திட்டுப் போடா!

— எதுக்கு அவனை விரட்டுற? பாவம், நல்லா வேலை செஞ்சுக்கிட்டிருந்தான்.

— இங்க வாங்க. நடுப்பாத்திக்கு வாங்க. என் வரிசையில இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. உக்காருங்க. இது என்ன?

— எது? இதா? இரு... கோரை.

— இது?

— வெங்காயம்.

— இது?

— வெங்காயம். அதுக்கு ஒட்டினாப்புல இருக்குறது கோரை. சின்னக் கோரை, இப்பதான் மொளைச்சிருக்கு.

— எப்படிங்க இவ்வளவு டக்குனு சொல்றீங்க?

— அடித்தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாரு. வெங்காயம் உருளும். கோரைக்கு மூணு முனை. உருளாது, தட்டும். உன் விரலுக்கே தெரியும்.

— ஆமா. தட்டுது. சரி, கையை எடுங்க.

— எதுக்கு?

— கையை எடுங்க. மடியில வச்சுக்கோங்க. இப்ப, நான் கம்பால தொட்டுக் காட்டுறேனே, இது என்ன? தொடாமச் சொல்லுங்க.

— வெயில் கண்ணைக் கூசுதும்மா.

— வெயில் உங்க முதுகுப் பக்கம் அடிக்குது. சொல்லுங்க. வெங்காயமா, கோரையா?

— வெங்காயம்.

— இது செருப்புங்க. என் பச்சைச் செருப்பு. கழட்டிப் பாத்தியில வச்சேன். எத்தனை நாளா?

— சொல்லணும்னுதான் இருந்தேன்.

— எத்தனை நாளா இப்படி?

— ஏழெட்டு மாசம் இருக்கும். முதல்ல கண்ணாடி அழுக்காயிருக்குன்னு தொடைச்சேன். அப்புறம் கண்ணாடி சரியில்லன்னு நெனச்சேன். நடுவுல ஒரு புகை மாதிரி, அழிரப்பர் வச்சுத் தேய்ச்ச மாதிரி. ஓரமெல்லாம் தெரியும். நடக்கலாம், படி ஏறலாம். ஆனா எதை நேராப் பார்க்கிறேனோ அதுதான் தெரியாது.

— டாக்டர்கிட்ட?

— போனேன். கண்ணாடியால ஆகாதுன்னுட்டார். இன்னும் மோசமாகாமப் பார்த்துக்கலாம், ஊசி போடலாம்னார். ரெண்டு ஊசி போட்டாச்சு.

— ஊசி போட்டீங்களா? கண்ணுலயா? தனியாப் போயா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கண்ணுல ஊசி போட்டுட்டு வந்து, இந்த வீட்டுல உக்கார்ந்து சாப்பிட்டு, படுத்துத் தூங்கினீங்களா?

— வலிக்கலை. அழாத. அவன் வந்துடப் போறான்.

— வரட்டும். என் முகம்?

— ம்?

— என் முகம் தெரியுதா, இல்லையா?

— கொஞ்சம் அந்தப் பக்கம் பார்த்தேன்னா நீ ஓரத்துல தெரிவ.

— அதனாலதான் ஆறேழு மாசமா நான் பேசினா சுவரைப் பார்க்கிறீங்களா? என்னைப் புடிக்காமப் போச்சு, மூஞ்சியைக் கூடப் பார்க்க மாட்டேங்கிறார்னு நான் மெஷின் முன்னாடி உக்கார்ந்து எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?

— உன்னைப் பார்க்கத்தான் சுவரைப் பார்த்தேன்.

— பேசாதீங்க. ஒண்ணும் பேசாதீங்க. ஐயோ, இந்தக் கண்ணோடயா... பதினேழு புள்ளைங்க. பதினேழு தாய்மாருங்க காலைல தலை சீவி விட்டு உங்க கையில ஒப்படைக்கிறாங்க. இந்தக் கண்ணோடயா ஓட்டுறீங்க? எப்படிங்க மனசு வந்துச்சு உங்களுக்கு?

— கேளு. சொல்றேன். ஒரு நாள் ஸ்கூல் கேட்டுக்குப் பக்கத்துல ரிவர்ஸ் எடுக்கிறேன். கண்ணாடியில பார்த்தா பின்னாடி தரையில ஏதோ இருக்கு. யாரோ புள்ள பையைப் போட்டுட்டுப் போயிடுச்சு, ஒதுக்கிட்டு எடுக்கலாம்னு திருப்புறேன். அந்தப் பை எந்திரிச்சு நடந்துச்சு.

— ஐயோ.

— ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சு உக்கார்ந்திருந்த புள்ள. ஒண்ணும் ஆகலை. ஒரு முழம் தள்ளித்தான் வண்டி நின்னுச்சு. அது கலகலன்னு சிரிச்சுட்டு, டாட்டா காட்டிட்டுப் போச்சு. டாட்டா காட்டினது மட்டும் ஓரத்துல தெரிஞ்சுது. எனக்கு ஸ்டியரிங்ல இருந்து கையே எடுக்க வரலை.

— அதனாலதான் பாப்பாவை ஏத்த மாட்டேன்னீங்களா?

— ம்.

— நம்ம வீட்டுப் புள்ளைன்னா வேண்டாம். ஊர்ப் புள்ளைங்கன்னா பரவாயில்லையா? இல்லங்க, இது முடியாது. நாளைக்கு நீங்க போகக் கூடாது. நானே வர்றேன் உங்க கூட. சாவியை எடுத்துக் குடுங்க, ஹெட்மாஸ்டர் கையில குடுத்துட்டு, இப்படி இப்படின்னு நானே சொல்லிட்டு வர்றேன். அவர் திட்டினா நான் வாங்கிக்கிறேன்.

— சாவி என்கிட்ட இல்ல.

— ஷெட்டுலயா இருக்கு?

— குடுத்துட்டேன்.

— யார்கிட்ட?

— ஹெட்மாஸ்டர்கிட்டதான். அந்தப் பை எந்திரிச்சு நடந்துச்சுன்னு சொன்னேனே, அன்னிக்குச் சாயங்காலமே. புள்ளைங்களை வேற டிரைவர் வந்து ஏத்திட்டுப் போனார். நான் நடந்து வந்தேன்.

— அன்னிக்கேவா? அது எப்ப?

— உன் கரண்டி காணாமப் போச்சே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.

— அஞ்சு மாசமா? அஞ்சு மாசமா நீங்க வண்டியே ஓட்டலையா?

— தொடக்கூட இல்ல.

— அதை என்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க? நான் என்ன உங்களை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பேனா?

— துரத்த மாட்ட. தெரியும். வெக்கமா இருந்துச்சு. இருபத்திரெண்டு வருஷமா என்னை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. டிரைவரே, டிரைவரேன்னு... வீட்டுக்குள்ள நுழையும்போது அந்த ஒரு வார்த்தை கேட்டாப் போதும், எனக்கு அலுப்பெல்லாம் போயிடும். சாவியைக் குடுத்துட்டேன்னு சொன்னா நீ அப்படிக் கூப்பிடுறது நின்னு போயிடுமேன்னு பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன்.

— அப்ப தினம் காலைல ஆறேகாலுக்கு, நான் இஸ்திரி போட்டுக் குடுக்கிற யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு, எங்கதாங்க போறீங்க?

— ஆஸ்பத்திரித் தோட்டத்துக்கு. களை எடுக்க.